பல்வங்கர் பாலு

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும், அறுவடை முடிந்த கழனியில் மட்டையேந்தி நிற்கும் சிறுவரிடம் பல்வங்கர் பாலு யாரென வினவினால் விழிப்பர். யானும் கல்லூரிக்கு வருமுன் அப்பெயரைக் கேட்டதில்லை. இந்தியக் கிரிக்கெட்டு ஆட்டத்தின் முதற்பெரும் பந்துவீச்சாளர் அவரே என்பர்.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில், தீண்டாதார் என ஒதுக்கப்பெற்ற சமார் குலத்தில் பிறந்தார். பூனா நகரில் பார்ஸிகள் ஆடிய மைதானத்தைப் பெருக்கி உருளையிட்டு மாதம் 3 ரூபாய் பெற்றார். பின்னர் ஐரோப்பியர் சங்கத்தில் 4 ரூபாய். அங்கே துரைமார் பயிற்சிபெறப் பந்து வீசுவதும் அவர் வேலையாயிற்று. கிரேக் என்னும் துரை, தம்மை வீழ்த்துந்தோறும் எட்டணா அளித்தாராம். இடக்கையால் மெல்ல எறிந்து, இருபுறமும் திருப்பும் வித்தை இவ்வாறே அவர் கையிற் படிந்தது. மட்டை பிடிக்க மட்டும் எவரும் அவரை விட்டிலர்.

ஐரோப்பியரை வெல்லும் வேட்கையால் பூனா இந்துக்கள் அவரைத் தம் குழுவிற் சேர்த்தனர். அவர் தொட்ட பந்தைப் பிராமணரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, ஏனையோர் உள்ளே பீங்கான் கோப்பையிற் பருக, பாலு வெளியே நின்று மண்குவளையிற் பருகினார். அமெரிக்காவில் கறுப்பினத்தார் வெள்ளையருடன் சேர்ந்தாட விடப்பெறாமையால், 1920-இல் தமக்கெனத் தனிப் பந்தாட்டக் கூட்டமைப்பை நிறுவினர். இங்கோ குழு ஒன்று, குவளை இரண்டு. எது கொடிதெனத் துணிய எனக்கு இயலவில்லை.

1896-இல் பம்பாய் சென்ற பாலு, 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றதில் பெரும்பங்கு கொண்டார். 1911-இல் இந்தியக் குழு இங்கிலாந்து சென்று பல ஆட்டங்களில் தோற்றது. எனினும் அவர் ஒருவரே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தகையவர்க்குத் தலைமைப் பதவி கிட்டவேயில்லை. 1920-இல் குழுவிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். தம்பியர் சிவராமும் விட்டலும் வெகுண்டு விலகினர். இறுதி ஆட்டத்திற்கு மூவரையும் மீண்டும் அழைத்துப் பாலுவை உபதலைவராக்கினர்; தலைவர் சற்றுநேரம் களம் நீங்க, அந்நேரம் மாத்திரம் பாலு தலைமை தாங்கினார். 1923-இல் விட்டல் முழுத்தலைவரானார்.

1932-இல் பூனா ஒப்பந்தம் உருவாக நம் சென்னை எம். சி. ராஜாவுடன் பாலுவும் உழைத்தார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்திற்று. அம்பேத்கர் பெற்ற வாக்குகள் 13,245. பாலு பெற்றவை 11,225. ஒடுக்கப்பட்டோர் இருவரே ஒருவரையொருவர் எதிர்க்க நேர்ந்ததை எண்ணுகையில் நெஞ்சம் வருந்துகின்றது. பாலு 1955-இல் காலமானார்.