மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் இப்ராஹீம் பின் யீஜூ

பழுதடைந்த முஸ்ஹபின் தாள்களை நம் வீட்டுப் பெண்கள் குப்பையில் போடமாட்டார்கள். துணியில் முடிந்து வைத்திருந்து, பள்ளிவாசலில் ஒப்படைத்து மையவாடியில் புதைக்கச் சொல்வார்கள். எங்கள் காவிரிக்கரை ஊர்களில் ஓடும் தண்ணீரில் விடுவோரும் உண்டு. இதே பேணுதல் யூதர்களிடமும் இருக்கிறது. இறைவனின் திருநாமம் எழுதப்பட்டிருக்குமோ என்ற அச்சத்தால், ஹீப்ரு எழுத்துள்ள தாள்களை அவர்கள் எறிவதில்லை. தங்கள் வணக்கத்தலத்தில் ஓர் அறையை ஒதுக்கி அதிலே போட்டு வைப்பார்கள். 'கெனீஸா' என்று அதற்குப் பெயர். பிறகு எடுத்துப் புதைத்துவிடுவதுதான் வழக்கம்.

மிஸ்ரு நாட்டில், பழைய காஹிராவான ஃபுஸ்தாத்திலே இருந்த ஒரு யூத வணக்கத்தலத்தில் மட்டும் பல நூற்றாண்டுகள் புதைக்காமலே விட்டுவிட்டார்கள். வேதச்சுருள், நிக்காஹ் பத்திரம், கடைக்கணக்கு, கடிதம் எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. 1896-97ஆம் ஆண்டுகளில் சாலமன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் அங்கே சென்று, அந்தப் புழுதியிலிருந்து அள்ளிய தாள்களை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தார். அங்கே மட்டும் 1,90,000 துண்டுகளுக்கு மேல் உள்ளன. புகழ்பெற்ற யூத மார்க்க அறிஞர் மூஸா பின் மைமூனின் கையெழுத்தே அவற்றில் கிடைத்தது. அதுவரை யூதர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்களது அறிஞர்களின் நூல்களை வைத்தே எழுதப்பட்டு வந்தது. சாமானியக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதை இந்தக் குப்பைத் தாள்கள்தாம் காட்டின. 1985இல் மறைந்த கொய்தைன் என்ற அறிஞர் தம் ஆயுளில் பெரும்பகுதியை இவற்றைப் படிப்பதிலேயே கழித்தார். அவர் தேடிப் பிடித்த மனிதர்களில் ஒருவர்தாம் நாம் சொல்ல வந்த இப்ராஹீம் பின் யீஜூ.

இவருடைய சொந்த ஊர் இன்றைய தூனிஸ் நாட்டிலுள்ள மஹ்தியா துறைமுகம். தவ்ராத்தும் யூதச் சட்டமும் கற்றவர், கவிதையும் எழுதுவார். வியாபாரம் தேடி அதனுக்கு வந்தார். அங்கே யூதர்களின் தலைவராயிருந்த மள்மூன் என்ற பெருவணிகர் இவருக்கு ஆதரவு கொடுத்தார். அங்கிருந்து கப்பலேறி நம் நாட்டின் மேற்குக் கரைக்கு வந்து, மங்களூரில் குடியேறினார். ஏறக்குறைய 17 வருடங்கள் இந்த நாட்டிலேயே கழிந்தன. நம் ஊர்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சபர் போனவர்களின் வீட்டார் இந்த வாழ்க்கையை எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

மிளகு, ஏலம், பாக்கு, இரும்பு ஆகியவற்றை அதனுக்கு அனுப்புவார். அங்கிருந்து சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் வரும். முக்கியமாகக் காகிதம் வரும். ஓலையில் எழுதும் நாட்டில் இருந்த இவருக்கு அதுவே பெரிய அன்பளிப்பு. வந்த கடிதங்களின் வெற்றிடத்திலும் முதுகுப்புறத்திலும் கணக்கையும் கவிதையையும் எழுதி வைத்தார். இவருக்கு ஒரு வெண்கலப் பட்டறையும் இருந்தது. அதன்வாசிகள் உடைந்த பாத்திரங்களை அனுப்பி, இன்ன எடையில் இன்ன வடிவில் வார்த்துத் தரும்படி கேட்பார்கள். நாச்சியார்கோயில், கும்பகோணம் பக்கத்தாருக்கு இந்த வியாபாரத்தை விளக்க வேண்டியதில்லை.

இவருக்குச் சரக்கு வந்த கப்பல்களில் சில, ராமிஷ்த் என்ற முஸ்லிம் செல்வருடையவை. கஃபாவுக்குச் சீனத் துணியால் கிஸ்வா அணிவித்தவராக வரலாற்று நூல்கள் குறிப்பிடுபவர் இவரே. ஹிஜ்ரி 534இல் காலமானார். யூதர் பின் யீஜூவின் வாணிபம் அவருடைய கப்பலில் நடந்தது. அவரும் அதனிலிருந்த யூதர்களும் கடிதம் எழுதிய மொழி அரபி, எழுத்து ஹீப்ரு. அரபு எழுத்தில் தமிழை எழுதி ஓதிய நம் முன்னோரின் அரபுத்தமிழ் இங்கே நினைவுக்கு வராமலிராது.

1132ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் (ஹிஜ்ரி 526) மங்களூரில் ஒரு பத்திரம் எழுதப்பட்டது. ஆஷூ என்ற இந்திய அடிமைப் பெண்ணை பின் யீஜூ விடுதலை செய்த பத்திரம் அது. அவளுக்கு 'பரக்கத்' என்று பொருள்படும் ஹீப்ருப் பெயரும் சூட்டினார். பின்பு அவளையே மணந்தார் என்பது ஆய்வாளர் முடிவு. மக்களும் பிறந்தார்கள்.

1148இல் சிசிலி மன்னன் ரோஜரின் படை மஹ்தியாவைப் பிடித்தது. பின் யீஜூவின் உடன்பிறந்தார் எல்லாவற்றையும் இழந்து சிசிலியில் அகதிகளானார்கள். மறுவருடம் இவர் மகனையும் மகள் ஸித்துத் தாரையும் அழைத்துக்கொண்டு அதன் திரும்பினார். 1149 செப்டம்பரில் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: தம்மிடம் உள்ள பொருள் எல்லோருக்கும் போதும், உடனே வந்து சேருங்கள், உங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்கு என் மகளைத் தருகிறேன் என்பது அதன் கருத்து.

கடிதம் போய்ச் சேர்ந்ததன் பலன் வேறுவிதமாயிற்று. முபஷ்ஷிர் என்ற சகோதரர் இவரிடம் பெருந்தொகையை ஏமாற்றி எடுத்துக்கொண்டார். யமனில் மகனும் இறந்தான். மலைநாட்டில் தங்கியிருந்த காலத்தில் மகளை அதனில் நண்பர் கலஃப் வீட்டில் மூன்று வருடம் விட்டு வைத்திருந்தார். அந்த நண்பரே அவளைத் தம் மகனுக்குக் கேட்டபோது, சொந்தத்திற்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று மறுத்துவிட்டார். வசதியான, அறிந்த வீடு. முகம் பாராத, அகதியான தம்பி மகனுக்காக அதை ஏன் விட்டார்? மதரஸாவில் நாங்கள் ஓதும்போது யூதர் என்பது தஃப்ஸீரில் வரும் ஒரு கூட்டத்தின் பெயராகவே இருந்தது. பெண்ணைப் பெற்று, கொடுத்த வாக்குக்கும் கேட்ட நட்புக்கும் நடுவில் தவித்த இப்படி ஒரு தகப்பனை அந்தப் பெயருக்குள் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பிறகு மகளுடன் மிஸ்ருக்குச் சென்று, சிசிலியின் மஸாராவிலிருந்த சகோதரர் யூஸுஃபுக்கு மீண்டும் எழுதினார். இம்முறை யூஸுஃபின் மகன் பெரஹ்யா வந்து சேர்ந்தான். 1156இல் ஃபுஸ்தாத்தில் அவனுக்கும் ஸித்துத் தாருக்கும் திருமணம் நடந்தது. மணப்பெண் கொண்டுசென்ற நகை, துணிமணிகளின் பட்டியல் இன்றும் இருக்கிறது. பின் யீஜூ தம்மோடு சுமந்துவந்த பழைய கடிதங்கள், கணக்குகள் எல்லாம் காலப்போக்கில் அந்தக் கெனீஸா அறைக்குள் விழுந்தன. அதன்பின் அவரைப் பற்றிய தகவல் இல்லை.

இத்தனை தாள்களிலும் மகளின் பெயர் வருகிறது, சகோதரர்களின் பெயர் வருகிறது, பாக்கு மூட்டைக்கும் கணக்கு இருக்கிறது. ஆஷூவின் பெயர் மட்டும் அந்த விடுதலைப் பத்திரத்தோடு நின்றுவிடுகிறது.