துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்த ஜிம் கார்பெட்

இமயமலை அடிவாரக் காட்டில் ஒரு சிற்றோடை. அதன் கரையில் புதர் மறைவில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கையில் சினிமாப் படம் எடுக்கும் சிறிய காமிரா. எதிரே, கூப்பிடு தூரத்துக்கும் குறைவான இடத்தில், ஒரு புலி நடந்து வருகிறது. அதே காட்டில் சிறு வயதிலிருந்து துப்பாக்கியோடு திரிந்தவர் அவர். குறி தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அன்று அவர் புலியைச் சுட வரவில்லை. படம் பிடிக்க வந்திருந்தார்.

அவர்தான் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர் என்று உலகம் அவரை அறியும். அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்வேயில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

தபால் அதிகாரியின் மகன்

1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நைனிதாலில் பிறந்தார் கார்பெட். தந்தை அவ்வூர் போஸ்ட்மாஸ்டர். பெரிய குடும்பம். பையனுக்கு ஆறு வயது நிறையுமுன் தந்தை காலமானார். குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் தாயார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையிலிருந்து இறங்கிக் காலாடுங்கி வீட்டுக்கு வந்துவிடும். அங்கே காடுதான் பையனுக்குப் பள்ளிக்கூடம். எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது, எந்தக் காலடி எப்போது பதிந்தது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

கல்லூரிக்குப் போக வசதியில்லை. பதினெட்டு வயதை ஒட்டி வங்காளம் வடமேற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். என்ஜின்களுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலை. மரம் சாயும்போது கூடிழந்த குஞ்சுகளையும் தாயிழந்த குட்டிகளையும் தம் கூடாரத்தில் வைத்து வளர்ப்பாராம்.

மொகாமா காட்டில் கூலிகளோடு

பிறகு பீகாரில், கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் காண்டிராக்ட் கிடைத்தது. அப்போது அங்கே பாலம் கிடையாது. இந்தக் கரையில் அகலப் பாதை, அந்தக் கரையில் மீட்டர் கேஜ். வந்த சரக்கையெல்லாம் இறக்கி, படகில் ஏற்றி, மீண்டும் வேகன்களில் அடுக்க வேண்டும். அத்தனையும் மனிதர்களின் தலைச்சுமை, தோள்சுமை. 1959-ல் ராஜேந்திர பாலம் திறந்த பிறகுதான் அந்த நிலை மாறியது.

ஆரம்பத்தில் மூன்று மாதம் ரயில்வேயிலிருந்து பணம் வரவில்லை. கூலிகளுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. இருந்தும் அவர்கள் அவர் பேச்சை நம்பி மூட்டை தூக்கினார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து தூக்கினார். அரை வயிறு உண்டார். இனித் தாங்காது என்ற நிலையில், பணம் அனுப்பியதாகத் தகவல் வராவிட்டால் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை நின்றுவிடும் என்று தந்தி அடித்தார். பணம் மூட்டை மூட்டையாக ரயிலில் வந்து சேர்ந்தது. முதல் வேலையாகக் கூலிகளின் பாக்கி தீர்ந்தது. பின்னாளில் வந்த லாபத்திலும் பெரும் பகுதியை அவர்களுக்கே பகிர்ந்து கொடுத்தார்.

அங்கே ராம் சரண் என்ற ஸ்டேஷன் மாஸ்டரோடு சேர்ந்து, தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இருபது பிள்ளைகள், ஒரே அறை. ஆனால் மேல் சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஒரே குடிசையில் உட்காரக் கூடாது என்ற தடை குறுக்கே வந்தது. ராம் சரண் ஒரு வழி கண்டார். சுவர்களைப் பிரித்து எடுத்துவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அது குடிசை அல்ல, வெறும் கொட்டகை. கொட்டகையில் எல்லோரும் உட்காரலாம்! பள்ளி வளர்ந்தது. பின்பு அரசாங்கமே அதை ஏற்று நடத்தியது.

ஒரு பழைய குண்டின் கதை

ரயில்வே வேலைக்கு இடையே, குமாவோன் மலைப் பகுதியில் ஆட்கொல்லிகளைச் சுட அவரை அழைத்தார்கள். 1907-ல் சம்பாவத் பெண்புலி. அது கொன்றவர்கள் 436 பேர். போவதற்கு முன் கார்பெட் இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலித் தலைக்கு அறிவித்திருந்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும்; மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காகச் சுடுபவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம்.

புலி விழுந்த பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ, யாரோ சுட்ட குண்டின் வேலை அது. பல் போன புலியால் மானைப் பிடிக்க முடியவில்லை; மனிதனைப் பிடித்தது. காயம் பட்ட மிருகத்தைத் தேடிப் போய் முடிக்காமல் வீடு திரும்பிய ஒரு வேட்டைக்காரனின் அலட்சியத்துக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

இந்த உண்மை கார்பெட் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 1926-ல் கேதார், பத்ரி யாத்திரை வழியில் 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்டார். 1938 வரை இந்தப் பணி தொடர்ந்தது. ஆனால் புலி பிறவியிலேயே மனிதனின் பகை அல்ல. காயமும் முதுமையுமே அதை அப்படி ஆக்குகின்றன என்று கடைசிவரை எடுத்துச் சொல்லி வந்தார்.

காமிரா தந்த இன்பம்

அக்காலத்தில் சாம்பியன் என்ற வன அதிகாரி, புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் தானாகவே விளக்கு மின்னிப் படம் பதியுமாறு செய்தார். அந்தப் படங்களோடு 1927-ல் ஒரு நூலும் வந்தது. அதைக் கண்டு கார்பெட்டுக்கும் ஆசை பிறந்தது. பின்னர் ஸ்ட்ராத்கோனா பிரபு என்ற நண்பர் ஒரு 16 மில்லிமீட்டர் சினிமாக் காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்.

புலியைச் சுடுவதைவிடப் படம் பிடிப்பது கஷ்டம் என்பது விரைவில் தெரிந்தது. காமிரா ஓடும் சத்தம் கேட்டதும் புலி மறைந்துவிடும். ஆள் வைத்துத் தமுக்கடித்து விரட்டலாம். அப்படிச் செய்தால் கிடைப்பது மிரண்டு ஓடும் புலியின் படம்தானே! கார்பெட் வேறு வழி தேடினார். ஓடையில் கற்களை அடுக்கிச் சிறு சிறு அணைகள் கட்டினார். தண்ணீர் குட்டி அருவிகளாக விழுந்து சலசலத்தது. அந்த ஓசையில் காமிராவின் சத்தம் அமுங்கியது. பிறகு மாதக் கணக்கில் காத்திருந்தார். புலிகள் தம் போக்கில் வந்தன, நடந்தன, போயின. படமும் கிடைத்தது, புலியின் நிம்மதியும் கெடவில்லை.

சுவரில் மாட்டிய புலித்தோல் அதன் சொந்தக்காரனுக்கு மட்டும் பெருமை. நாளாக ஆக அதுவும் மங்கிவிடும். படமோ ஊருக்கெல்லாம் பொது. எடுத்த பிறகும் புலி உயிரோடு இருக்கும். இதுவே அவர் கண்ட இன்பம்.

அவரைக் குறையே இல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. 1930-ல் அவர் சுட்ட பவல்கட் புலி ஆட்கொல்லி அல்ல. காமிரா பிடித்த பிறகும் வைசிராய் லின்லித்கோவின் வேட்டைகளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். பழக்கமும் நட்பும் லேசில் விடுவதில்லை. ஆயினும் 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தவர்களில் அவரும் ஒருவர். பள்ளிகளுக்குச் சென்று, பறவைகளைப் போலவும் புலியைப் போலவும் குரல் எழுப்பிக் காட்டி, காட்டைக் காக்கும்படி பிள்ளைகளிடம் பேசினார்.

1947 நவம்பரில் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடியேறினார். 1955 ஏப்ரல் 19-ந் தேதி அங்கே காலமானார். சில ஆண்டுகளில் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

டில்லியிலிருந்து ராம்நகருக்கும் காட்கோடாமுக்கும் ரயில் உண்டு. காலாடுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது பொருட்காட்சி சாலை. லீவு நாளில் குடும்பத்தோடு போகிறவர்கள் காட்டையும் பார்க்கலாம். இன்று எல்லோர் கையிலும் காமிரா இருக்கிறது. புலி தலை காட்டினால் ஜீப்புகள் சூழ்ந்துகொள்கின்றன, கூச்சலும் எழுகிறது. அந்த வேளையில், ஒரு படத்துக்காக ஓடையில் கல் அடுக்கி மாதக் கணக்கில் காத்திருந்த அந்தப் பழைய ரயில்வே காண்டிராக்டரை நினைத்துக்கொண்டால் போதும். குரல் தானாகத் தாழும்.