கடன் தீர்த்த வழக்குரைஞர்: தேசபந்து சித்தரஞ்சன் தாஸ்

சொல்வன்மைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். சொல்லின் வலிமையால் ஓர் உயிர் தூக்குமேடையிலிருந்து மீளவும் கூடும். அதே வலிமையால் ஒரு பொய் மெய்யென நிலைபெறவும் கூடும். ஆதலின், குற்றம் சாட்டப்பெற்றவரின் பொருட்டு வாதிடும் வழக்குரைஞருக்கு நாவன்மை மட்டும் போதாது. நெஞ்சின் நேர்மையும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையப்பெற்றவர் வங்கம் தந்த தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். அரசியல் தலைவராக அவரை நாடறியும். அத்தலைமைக்கு அடித்தளமிட்ட வழக்குமன்ற வாழ்வை மாணவர்கள் அறிதல் நலம்.

இளமையும் இடர்ப்பாடும்

தாஸ் 1870 நவம்பர் 5-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் புவன் மோகன் தாஸ் வழக்குத் தொழிலினர்; பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர்; வரையாது வழங்கும் இயல்பினர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1890-இல் பட்டம் பெற்ற தாஸ், ஐ.சி.எஸ். தேர்வின்பொருட்டு இங்கிலாந்து சென்றார். அத்தேர்வு கைகூடவில்லை. சட்டம் பயின்று பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார்.

தொடக்க ஆண்டுகளில் வழக்குகள் மிகுதியாக வந்தில. தந்தையாரின் கடன்சுமை மகனின் தோள்மீதும் ஏறியது. 1906-இல் தந்தையும் மகனும் நொடித்தவர்கள் எனச் சட்டப்படி அறிவிக்கப்பெற்றனர். நம்பிக்கையையே முதலாகக் கொண்ட தொழிலில் ஓர் இளைஞருக்கு இதனினும் பெரிய இழிவு வேறில்லை. அந்நிலையிலும் 1907-இல் அரசினரின் சினத்திற்கு ஆளான இதழாசிரியர் பிரம்மபாந்தவ உபாத்தியாயர், பிபின் சந்திர பால் ஆகியோருக்காக அவர் வழக்குமன்றம் ஏறினார்.

அலிப்பூர் வழக்கு

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில், கிங்ஸ்போர்டு என்னும் நீதிபதியைக் குறிவைத்து வீசப்பட்ட குண்டு, குறி தவறி இரு ஆங்கிலப் பெண்டிரின் உயிரைக் குடித்தது. இரண்டே நாள்களில் கல்கத்தாவில் பலர் கைதாயினர். அரவிந்தரும் அவருடைய இளவல் பாரீந்திரரும் அவர்களுள் அடங்குவர். அரசுத் தரப்பில் வாதிட அமர்த்தப்பெற்றவர் எர்ட்லி நார்ட்டன்; சென்னை வழக்குமன்றங்களில் பெரும்புகழ் ஈட்டியவர்; 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸில் பங்கேற்றவர். நீதிபதி பீச்கிராஃப்டோ, அரவிந்தருடன் ஒரே ஆண்டில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதியவர்.

வழக்கிற்கெனத் திரட்டிய நிதி விரைவில் தீர்ந்தது. அந்நிலையில்தான் தாஸ் பொறுப்பேற்றார். ஏனைய வழக்குகளை ஏறத்தாழ முற்றும் ஒதுக்கிவிட்டு இரவு பகலாக இதில் ஆழ்ந்தார். வருவாய் நின்றது, பழைய கடனோடு புதுக்கடனும் சேர்ந்தது. 206 சாட்சிகளும் சுமார் 4000 ஆவணங்களும் கொண்ட வழக்கு அது.

அரசுத் தரப்பு பெரிதும் நம்பிய சான்றுகளுள் ஒன்று, அரவிந்தரின் இல்லத்தில் கண்டெடுத்ததாகக் காட்டப்பெற்ற ஒரு கடிதம். பாரீந்திரர் தமையனாருக்கு எழுதியதாகக் கூறப்பட்ட அக்கடிதம், நாடெங்கும் இனிப்புகளை ஆயத்தமாக வைத்திருப்பது பற்றிப் பேசியது. இனிப்பு என்பது வெடிகுண்டையே சுட்டும் என்றது அரசுத் தரப்பு. தாஸ் அச்சொல்லின் பொருளோடு போராடவில்லை. கடிதத்தின் நடையையே ஆராய்ந்தார். வங்கக் குடும்பத்தில் இளையவர் மூத்தவரை உறவுமுறைச் சொல்லால் அழைப்பதே வழக்கம். இக்கடிதமோ ஆங்கில மரபில் விளித்திருந்தது. உடன்பிறந்தவருக்கு எழுதிய மடலில் முழுப்பெயரும் கையொப்பமாக இருந்தது. மேலும், கடிதம் எழுதப்பெற்றதாகச் சொல்லப்பட்ட நாளில் இருவரும் சூரத் நகரிலேயே இருந்தனர். ஓரூரில் இருப்பவர் மறைபொருளை ஏன் எழுத்தில் வடிக்கவேண்டும்? இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி அக்கடிதம் புனைவே என அவர் வாதிட்டார். நீதிபதியும் அதனை நம்பித் தீர்ப்பளிக்க ஒருப்படவில்லை. மொழி மரபறிவு ஒரு மனிதனின் தலையைக் காக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1909 மே 6-இல் தீர்ப்பு வெளியாயிற்று. அரவிந்தரும் வேறு பலரும் விடுதலை பெற்றனர். பாரீந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்தருக்கும் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. அது மேல்முறையீட்டில் ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பெற்றது. அரவிந்தர் 1910-இல் புதுச்சேரி வந்து தங்கியதைத் தமிழுலகம் நன்கறியும். அடுத்து வந்த டாக்கா சதி வழக்கிலும் குற்றம் சாட்டப்பெற்றோர் தரப்பில் வாதாடியவர் தாஸே ஆவார்.

சட்டம் கேளாத கடன்

புகழோடு பொருளும் பெருகியது. அப்போது தாஸ் செய்த முதற்காரியம் எண்ணத்தக்கது. நொடித்தவர் என்ற தீர்ப்பு கிடைத்துவிட்டமையால் பழைய கடன்களைத் திருப்பவேண்டும் என்னும் சட்டக் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆயினும் 1913-இல் கடன் கொடுத்தவர்களைத் தேடித் தந்தையார் பட்ட கடனையும் சேர்த்து முழுவதும் தீர்த்தார். நீதிமன்றமே வியந்த செயல் அது. சட்டம் விடுவித்தாலும் மனச்சான்று விடுவிப்பதில்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1919-இல் பஞ்சாபில் நிகழ்ந்த கொடுமைகளை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவில் காந்தியடிகள், அப்பாஸ் தயாப்ஜி ஆகியோருடன் தாஸும் பணியாற்றினார். 1920 நாகபுரி மாநாட்டை அடுத்துத் தமது பெருவருவாய்த் தொழிலையே துறந்தார். 1921-இல் அகமதாபாத் காங்கிரஸுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றும் சிறைப்பட்டமையால், அவருக்கு மாற்றாக ஹக்கீம் அஜ்மல் கான் தலைமை ஏற்றார்.

எழுத்தில் அமைந்த வாக்குறுதி

வங்க மாகாணத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். அரசுப் பணிகளிலோ அவர்கள் மிகச் சிலர். இந்நிலைக்குப் பரிகாரமாக 1923 டிசம்பரில் தாஸ் வகுத்ததே வங்க ஒப்பந்தம். அரசுப் பணிகளில் 55 விழுக்காடு முஸ்லிம்களுக்கு; உள்ளாட்சி மன்றங்களில் அந்தந்த மாவட்டப் பெரும்பான்மையினருக்கு 60, சிறுபான்மையினருக்கு 40 விழுக்காடு; பள்ளிவாசல் முன் இசை முழக்கம் இல்லை. நல்லிணக்கம் பற்றி மேடைகளில் இனிக்கப் பேசுவோர் பலர். தாஸோ வழக்குரைஞரைப் போல அதனை எண்ணிட்டு எழுதிக் கொடுத்தார். இதுவும் அவர் தீர்க்க விழைந்த ஒரு கடனே எனக் கொள்ளலாம்.

காக்கிநாடா காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. எனினும் 1924-இல் சிராஜ்கஞ்சில் கூடிய மாகாண மாநாட்டில் அதற்கு ஒப்புதல் பெற்றார். அவ்வாண்டே கல்கத்தா மேயரானார். துணைமேயராக ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தியும் தலைமை நிருவாக அதிகாரியாகச் சுபாஷ் சந்திர போஸும் விளங்கினர்.

1925 ஜூன் 16-இல் டார்ஜிலிங்கில் தாஸ் காலமானார். தம் இல்லத்தையும் அவர் முன்னரே நாட்டுக்கு ஈந்திருந்தார்; அது பின்னர் மகளிர்க்கான மருத்துவமனையாயிற்று. ஒப்பந்தமோ 1926-இல் அவருடைய கட்சியினராலேயே கைவிடப்பட்டது. தந்தையார் பட்ட கடனை மகன் தீர்த்தார். தலைவர் தந்த வாக்கை வழிவந்தோர் காக்கவில்லை. அதன்பின் வங்கம் கண்ட பிளவையும் கண்ணீரையும் வரலாறு அறியும்.

சட்டம் பயிலக் கருதும் மாணவர்கள் அவருடைய வாதத்திறனைப் போற்றுவர், அது தகும். அதனினும் போற்றத்தக்கது, எவரும் கேளாதபோதும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்த அவருடைய நேர்மை. கற்றோர் கைக்கொள்ள வேண்டியது அதுவே.