வில்லியம் ஹாஸ்லிட்

வில்லியம் ஹாஸ்லிட் (ஏப்ரல் 10, 1778 – செப்டம்பர் 18, 1830) இங்கிலாந்தைச் சேர்ந்த கட்டுரையாளர், திறனாய்வாளர், ஓவியர் ஆவார். ஆங்கில மொழியின் முதன்மையான திறனாய்வாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். பழைய ஓவியர்களைப் படியெடுத்துப் பழகிய இவர், எழுத்தில் தமக்கெனத் தனி நடை ஒன்றை அமைத்துக் கொண்டார்.

இளமை

ஹாஸ்லிட் கென்ட் பகுதியில் உள்ள மெய்ட்ஸ்டோன் நகரில் பிறந்தார். தந்தை யுனிட்டேரியன் கிறித்தவப் பிரிவின் போதகர். 1793 இல் ஹாக்னியில் சமயக் கல்வி பயிலச் சேர்ந்த ஹாஸ்லிட், போதகராக விரும்பாமல் அதிலிருந்து விலகினார். 1798 இல் கவிஞர் கோல்ரிட்ஜைச் சந்தித்தார். இச்சந்திப்பு அவருக்குப் பெரும் ஊக்கம் அளித்தது. எனினும் அக்காலத்தில் தொடங்கிய மெய்யியல் கட்டுரையை இரண்டாம் பக்கத்திற்கு மேல் கொண்டு செல்ல அவரால் இயலவில்லை. அம்முயற்சி 1805 இலேயே நூலாக வெளிவந்தது.

ஓவியப் பயிற்சி

அண்ணன் ஜானைப் போலவே ஹாஸ்லிட்டும் ஓவியராக விரும்பினார். 1802 இல் பாரிஸ் சென்று, லூவர் அருங்காட்சியகத்தில் டிஷியன் முதலானோரின் ஓவியங்களைப் படியெடுத்தார். ரெம்பிராண்ட்டின் ஒளி, நிழல் முறையைப் பின்பற்றி ஒரு மூதாட்டியின் முகத்தைப் பல நாட்கள் உழைத்துத் தீட்டினார். நண்பர் சார்லஸ் லாம்பை 1804 இல் வரைந்த உருவப்படம் இலண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் உள்ளது. தம் ஓவியங்கள் அம்மேதைகளின் தரத்தை எட்டா என உணர்ந்து, படிப்படியாக எழுத்துத் துறைக்கு மாறினார்.

திறனாய்வுப் பணி

1812 இல் மார்னிங் குரோனிக்கிள் நாளிதழில் நாடாளுமன்றச் செய்தியாளராகச் சேர்ந்து, பின் நாடக விமர்சகரானார். 1814 சனவரியில், இலண்டனில் அதிகம் அறியப்படாத எட்மண்ட் கீன் ஷைலாக் வேடத்தில் நடித்ததைப் பாராட்டி எழுதினார். கீனின் புகழுக்கு இவ்விமர்சனம் பெரிதும் உதவியது. ஆயினும் அவரது குறைகளையும் பின்னர் ஹாஸ்லிட் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

சேக்சுபியர் நாடகங்களைப் பற்றிய நூலில் (1817) சாமுவேல் ஜான்சனின் கருத்துக்களை மறுத்தார். அரசியல் பகை காரணமாக குவார்ட்டர்லி ரிவ்யூ இதழ் இந்நூலைக் கடுமையாகத் தாக்கியது. அதன் விற்பனை சரிந்தது. ஆயினும் ஹாஸ்லிட் தம் கருத்தையோ நடையையோ மாற்றிக் கொள்ளவில்லை.

நடை பற்றிய கருத்துக்கள்

இயல்பான நடையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். சொல்வளம் உள்ள ஒருவர் உரையாடுவதைப் போல எழுத வேண்டும் என்பதும், இந்த எளிமை ஆடம்பர நடையைக் காட்டிலும் அரிது என்பதும் அவரது கருத்து. ஜான்சனின் இலத்தீன் கலந்த நடை எல்லாப் பொருளையும் ஒரே சாயலில் காட்டுவதாகக் கருதினார். பழைய ஆசிரியர்களைப் போல எழுதுவதை அவர் விரும்பவில்லை. எனினும் லாம்புக்கு விலக்கு அளித்தார். அவ்வாசிரியர்களின் உணர்விலேயே லாம்ப் ஊறியிருந்ததால், அவரது நடை போலியாகத் தோன்றவில்லை என்பது ஹாஸ்லிட் கூறிய காரணம்.

இறுதிக் காலம்

இரு திருமணங்களும் முறிந்தன. கடைசி ஆண்டுகளில் பணமுடையாலும் நோயாலும் துன்புற்ற ஹாஸ்லிட், நெப்போலியனின் வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதி முடித்தார். 1830 இல் இலண்டனின் சோஹோ பகுதியில் காலமானார்.

முக்கிய நூல்கள்

- சேக்சுபியர் நாடகப் பாத்திரங்கள் (1817)
- ஆங்கில நாடக மேடை: ஒரு பார்வை (1818)
- மேசைப் பேச்சு (1821–1822)
- காலத்தின் உணர்வு (1825)