நாராயண குருவும் சாதியை அறியாதவர் வினாவும்

சாதி என்பதை அறியாத பிறநாட்டு நண்பரோ, அத்தகைய நாட்டில் பிறந்து இல்லறத்தில் இணைந்த துணைவரோ, அது யாது என்று நம்மை வினவுவாராயின் விடை கூறுதல் எளிதன்று. நிறம் என்போமா? ஒரே சாதியில் பல நிறத்தார் உளர். தொழில் என்போமா? தொழிலை விட்டவரையும் சாதி விடுவதில்லை. இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலும் வாக்காலும் விடை தந்த பெரியார் நாராயண குரு.

அவர் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், ஈழவர் குடியில், மாடன் ஆசானுக்கும் குட்டியம்மாவுக்கும் மகனாக 1856-ஆம் ஆண்டு பிறந்தார். வடமொழி கற்றுச் சிறுவர்க்கு ஆசிரியராக விளங்கினார். தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். தமிழில் பதிகங்கள் இயற்றியதோடு, திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தார். மருந்துவாழ் மலைக் குகையில் தனித்திருந்து தவம் புரிந்தார்.

பின்னர் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறம் அவருக்கு இருப்பிடமாயிற்று. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரம் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப் பகுதி. அன்று அங்கு மொழி வேறுபட்டாலும் தீண்டாமை வேறுபடவில்லை. ஈழவர் பெருங்கோயில்களுள் புகலாகாது. அவற்றைச் சூழ்ந்த தெருக்கள் பலவற்றில் நடக்கவும் ஆகாது.

1888-ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று குரு நெய்யாற்றில் மூழ்கி, ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாக நிறுவினார். அதற்கு உரிமை ஏது என வினவியவர்க்கு, தாம் நிறுவியது ஈழவர் சிவனையே என்று அமைதியாக விடையிறுத்தார் என்பர். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் அது என்னும் பொருள்பட அங்கே எழுதுவித்தார்.

1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியது. மகாகவி குமாரன் ஆசான் அதன் செயலாளரானார். கல்விப் பணி பெருகிற்று. ஆயினும் யோகத்தில் சாதிப் பெருமிதம் வளரக் கண்ட குரு, முன்பே மனத்தால் விலகியிருந்தது போல இப்போது சொல்லாலும் செயலாலும் அதனின்றும் விலகியதாக 1916-இல் டாக்டர் பல்புவுக்கு எழுதினார். தாம் எச்சாதியையும் சார்ந்தவரல்லர் என்றும் அவ்வாண்டிலேயே அறிவித்தார். தம் பெயரைத் தாங்கிய அமைப்பையே இவ்வாறு கண்டிக்க எத்துணை உறுதி வேண்டும்!

அவர் கூறிய சாதி இலக்கணம் மிக எளியது. பசுவுக்குப் பசுத்தன்மை சாதி. மனிதர்க்கு மனிதத்தன்மையே சாதி. கூடி மகப்பெறுவன யாவும் ஓரினம். எனவே வேறு குலத்தார் இருவர் மணந்து மக்களைப் பெறுவதே அவர்கள் ஓரினத்தார் என்பதற்குச் சான்றாகும். 1925-இல் சிவகிரிக்கு வந்த காந்தியடிகள், ஒரே மரத்தின் இலைகளும் தம்முள் வேறுபடுவதைச் சுட்டினார். பிழிந்தால் அவற்றின் சாறு ஒன்றே எனக் குரு உரைத்தார் என்பர். எர்னஸ்ட் கிர்க் என்னும் ஆங்கிலேயரும் அவருக்கு மாணாக்கரானார். 1928 செப்டம்பர் 20 அன்று குரு மறைந்தார். திருவிதாங்கூரில் அரசுக் கோயில்கள் எல்லார்க்கும் திறக்கப்பட்டது 1936-இல்தான்.

குரு வேதாந்த நெறி நின்றவர். எனினும், புல்லுக்கும் மரத்துக்கும் விலங்குக்கும் பிறப்படையாளம் உண்டு, மாந்தர்க்கு இல்லை என வாசெட்ட சுத்தத்தில் புத்தர் பெருமான் காட்டிய உண்மையும் இதுவே. யவன நாட்டில் நால்வருணம் இல்லை என்பதை அஸ்ஸலாயன சுத்தத்தில் பெருமான் எடுத்துக்காட்டினார். சாதியை அறியாத நாட்டவரே அது இயற்கையன்று என்பதற்குச் சான்றாயினர்.

ஆகவே, வினவும் நண்பர்க்கும் துணைவர்க்கும் இரண்டையும் கூறுவோமாக. சாதிக்கு உடலில் அடையாளம் இல்லை. ஆயினும் அதன் பெயரால் கோயிலும் தெருவும் அடைக்கப்பட்டன. முன்னதை மட்டும் கூறின் துன்புற்றோரை மறந்தவராவோம். பின்னதை மட்டும் கூறின் அதை மாற்ற இயலாத விதியாக்கியவராவோம்.