கடவுள் வல்லவரா? நல்லவரா? - பாகாயத்தில் வாழ்ந்த ஒரு பதில்



ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஹாஸ்டலில் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் அது கடைசியில் கடவுளிடம்தான் போய் நிற்கும். தன்னாலேயே தூக்க முடியாத கல்லை, எல்லாம் வல்ல கடவுளால் படைக்க முடியுமா என்று ஒருவன் கேட்பான். முடியும் என்றாலும் வம்பு, முடியாது என்றாலும் வம்பு! இன்னொருவன் இன்னும் ஆழமாக வெட்டுவான். துன்பத்தைத் தடுக்க முடிந்தும் தடுக்காதவர் என்றால் கடவுள் நல்லவர் இல்லை. தடுக்க நினைத்தும் முடியாதவர் என்றால் வல்லவர் இல்லை. எபிகூரஸ் என்ற பழங்காலக் கிரேக்க அறிஞர் பெயரால் வழங்கிவரும் கேள்வி இது.

சைவ சித்தாந்தம் தெரிந்தவன் சும்மா இருப்பானா? பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி, அவற்றைக் கடவுள் உண்டாக்கவே இல்லை, பிறகு துன்பத்துக்கு அவரை எப்படிப் பொறுப்பாக்குவாய் என்று மடக்குவான். துன்பம் என்பது இறைவன் வைக்கும் சோதனை என்பான் ஆம்பூர்க்காரன். கடவுளே இல்லை, வேலையைப் பாருங்கடா என்பான் கருப்புச் சட்டைக்காரன். பொழுது விடியும், விடை மட்டும் கிடைக்காது!

இந்தக் கேள்வியை வாயால் பேசாமல் தன் முதுகுத்தண்டில் சுமந்த ஒருவர் நம் பாகாயத்தில் பணியாற்றியிருக்கிறார். அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள செராய் கிராமத்தில் 1925-ல் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவ நிபுணராக வேண்டும் என்பது கனவு. படித்து முடித்து, மருத்துவராக வேலையும் பார்க்கத் தொடங்கிவிட்டார். கடவுள் பக்தியில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை.

1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் ஆழமான வெட்டு. அதைவிடக் கொடுமை, தண்டுவடம் சேதமாகி இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. வயது முப்பதைக்கூடத் தொடவில்லை!

எபிகூரஸின் கேள்வியை இப்போது கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நடுவே கைதட்டல் வாங்கக் கேட்பது வேறு. கட்டிலில் அசையாமல் கிடக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று கேட்பது வேறு.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால்தான் சூடும் காயமும் பட்டுப் பட்டு விரல்கள் அழிகின்றன என்று எடுத்துக்காட்டியவர். மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சையும் செய்தார். செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய, நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து விரலோடு இணைப்பார். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: ஒரு மோட்டார் எரிந்துபோனால் பக்கத்து மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டுவது மாதிரி!

கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? அந்த வழியைத்தான் பிராண்ட் மேரிக்குக் காட்டினார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றார், தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். நடக்க முடியாத டாக்டர், பிறர் கைகளை வேலை செய்ய வைத்தார்!

இங்கே எனக்கு ஒன்று உறைக்கிறது. கடவுள் வல்லவர் என்றால் வலியே இல்லாத உலகத்தைப் படைத்திருக்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வலி இல்லாததால்தான் அந்த நோயாளிகள் விரல்களை இழந்தார்கள். மேரியின் கால்களிலும் உணர்ச்சி இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே நிலையில் உட்கார்ந்தால் தெரியாமலே புண் வந்துவிடும், இடம் மாறி மாறி உட்கார வேண்டும். ஆக, வலியும் ஒரு காவல்காரன்தான். ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது வலிக்கு விளக்கம், விபத்துக்கு விளக்கம் இல்லை. அந்த வண்டி ஏன் கவிழ்ந்தது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

மேரி அந்தக் கேள்வியோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், சாலை விபத்தில் அடிபட்டவர் என்று இனி அவ்வளவுதான் என ஊர் கைவிட்டவர்கள் அங்கே சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வாழப் பழகினார்கள். 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986 டிசம்பரில் மறைந்தார். அந்த நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

கடைசிவரை அவர் விசுவாசி. ஆனால் கடவுளை நம்பாத ஒருவனும் அந்த வாழ்க்கையைப் பார்த்துத் தலைவணங்கலாம். இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடம் வாதத்தில் இல்லை, அந்தக் கைகளில் இருக்கிறது.

நண்பர்களே, கடவுள் எல்லாம் வல்லவரா என்பதை நான் முடிவு கட்டவில்லை. மேரி வர்கீஸும் முடிவு கட்டிவிட்டு வேலைக்குப் போகவில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை வரும்வரை காத்திருக்காமல், மிச்சம் இருப்பதை வைத்து இனி என்ன செய்யலாம் என்று பார்த்தார். டிப்ளமோ முடித்து வெளியே போகும் நமக்கும் தொழில் அதுதானே? உடைந்ததை ஓட வைப்பது!

விவாதம் செய்வோம், தாராளமாகச் செய்வோம். ஆனால் பக்கத்தில் ஒருவன் விழுந்து கிடந்தால், முதலில் தூக்குவோம். மிச்ச வாதத்தை அவனையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம்!

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்