வேலைக்காரி பேசிய தமிழ்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது தாமல். பெரிய ஏரி, வராகேசுவரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில். பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு இவ்வளவுதான் தெரியும். சென்ற மாதம் அங்கே ஒரு நெசவாளத் தோழரைப் பார்க்கப் போயிருந்தோம். எண்பதை நெருங்கும் வயது. தறியில் உட்காருவதை விட்டு நாளாகிறது, கால் இடங்கொடுக்கவில்லை. பேச்சின் நடுவே எழுந்துபோய், தகரப்பெட்டியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துவந்து நம்முன் வைத்தார்.

ஒன்று, 1944-இல் அவருடைய பெற்றோருக்கு நடந்த திருமணத்தின் பத்திரிகை. மற்றொன்று, 1971-இல் அவருக்கே நடந்த திருமணத்தின் அழைப்பிதழ். முதல் தாளில் விவாக சுபமுகூர்த்தம். மணமகன் சிரஞ்சீவி, மணமகள் சௌபாக்கியவதி, வீடு கிருஹம், வருகிறவர்கள் இஷ்டமித்திர பந்துக்கள். இரண்டாம் தாளில் திருமணம், செல்வன், செல்வி, இல்லம், சுற்றமும் நட்பும். வீடு அதே வீடு. தறி அதே குழித்தறி. கூலியுங்கூடப் பெரிதாக மாறிவிடவில்லை என்று சிரித்தார் தோழர். எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. மாற்றியது எது என்று கேட்டோம். சினிமா என்றார். சற்றுப் பொறுத்து, அண்ணா என்றார்.

இரண்டும் ஒரே பதில்தான்.

தூய தமிழ் வேண்டும் என்று மறைமலையடிகள் 1916-லேயே சொன்னார். புலவர் உலகம் கேட்டது. ஆனால் விடிவதற்கு முன் தறிக்குழியில் கால் வைத்து, விளக்கு வைக்கும்போது எழுகிற மனிதனிடம் அந்தக் குரல் எந்த வழியாக வந்து சேரும்? புத்தகத்தின் வழியாக வராது. கொட்டகையின் வழியாக வந்தது.

1909 செப்டம்பர் 15-இல் காஞ்சியில், நெசவுத் தொழில் மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தார் அண்ணா. தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். வளர்த்தவர், அவர் தொத்தா என்று அழைத்த இராசாமணி அம்மாள். தொத்தா என்பது காஞ்சி வீடுகளின் சொல். புலவர் ஏடுகளில் தேடினால் அகப்படாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம். பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்ப நெருக்கடியால் சிறிது காலம் காஞ்சி நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி, 1934-இல் ஆனர்ஸ் பட்டம். பெரியாரிடம் சேர்ந்ததும், 1942-இல் காஞ்சியில் 'திராவிட நாடு' ஏட்டைத் தொடங்கியதும் தோழர்கள் அறிந்தவை.

அவர் இளைஞராக இருந்தபோது மேடையும் திரையும் என்ன தமிழ் பேசின? 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' கதையைக் கேளுங்கள். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். பார்த்தவர்கள் வியந்தார்களே தவிர, வெட்கப்படவில்லை. பின்னால் வந்த புராணப் படங்களில் தேவரும் அரசரும் பேசியது பாதிக்குமேல் வடமொழி. சேவகனும் வேலைக்காரியும் மட்டுந்தான் தமிழ் பேசினார்கள். அதையும் கொச்சையாக்கி, சிரிப்பு மூட்டுவதற்கு வைத்தார்கள். வாயைத் திறந்தால் போதும், இவன் எந்தத் தெருக்காரன் என்று தெரிந்துவிடும். மொழியே பூணூலாகவும் இருந்தது, கோவணமாகவும் இருந்தது.

அண்ணா 1943-இல் 'சந்திரோதயம்' நாடகத்தோடு மேடை ஏறினார். தானே எழுதினார், தானே நடித்தார். அடுத்து 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்'. அதில் காகபட்டர் வேடம் அவருக்கு. ஆனால் நாம் நின்று பார்க்கவேண்டியது 'வேலைக்காரி'. கே.ஆர். ராமசாமியின் நாடகக் குழுவுக்காக எழுதப்பட்டு, 1949-இல் ஜூபிடர் நிறுவனத்தாரால் ஏ.எஸ்.ஏ. சாமியின் இயக்கத்தில் படமாயிற்று. பெயரைக் கவனியுங்கள். அதுவரை படத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அரசிகளும் பத்தினிகளும் பக்தர்களும். இங்கே வீடு பெருக்குகிறவள் சுவரொட்டியில் ஏறினாள். வட்டிக்கு விட்டு ஊரை வளைத்த வேதாசல முதலியார் வீட்டு வேலைக்காரி அமிர்தம், முதலாளியின் மகன் பேசுகிற அதே தமிழைப் பேசினாள். கடனால் தகப்பனைத் தூக்குக்கயிற்றில் பறிகொடுத்த ஆனந்தன், காளியின் முன்னே நின்று நியாயம் கேட்டபோதும், பின்னர் நீதிமன்றத்தில் வழக்காடியபோதும், ஏழைக்கு இத்தனை நல்ல தமிழ் வருமா என்று கொட்டகை திகைத்தது. பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வீடு திரும்பினார்கள்.

அதே 1949-இல் கலைவாணரின் 'நல்லதம்பி'. அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை மறந்தவர் உண்டா? காலட்சேபம் என்றால் பாகவதர், பக்தி, வடமொழிச் சுலோகம். அந்தச் சட்டையை எடுத்து, பட்டணத்துக்குப் படிக்கப் போகும் சேரிப் பையனுக்குப் போட்டுவிட்டார் என்.எஸ்.கே. நந்தன் சிதம்பரம் போனான், கிந்தன் சென்னை போனான். அண்ணா ஏழைக்கு உயர்ந்த தமிழைக் கொடுத்தார். கலைவாணர் ஏழையின் பேச்சையே உயர்த்தினார். எது பெரிது என்று நம்மைக் கேட்டால், பல நாள் இரண்டாவது பக்கமே சாய்கிறோம்.

ஏனெனில், குறையையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணாவைப் பின்பற்றி எழுதியவர்கள் அடுக்குமொழியை எடுத்துக்கொண்டார்கள், அதற்குள் இருந்த கோபத்தைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். கதிர் அறுக்கிறவனும் மாநாட்டுச் சொற்பொழிவாளன்போல் பேசினான். பாவும் ஊடையும் கோர்வையும் தொத்தாவும் திரைக்கு வரவேயில்லை. பின்னாளில் வேலைக்காரிக்கு மறுபடியும் கொச்சைப் பேச்சும் சிரிப்பு வேடமுந்தான் மிஞ்சின.

ஆனாலும் ஒரு சொல் நிலைத்தது. தாமல் தோழர் சொன்னது இது. அவர் தந்தை, நெய்த சேலையை எடுத்துக்கொண்டு காஞ்சியில் முதலாளி கடைக்குப் போனால், துண்டை இடுப்பில் கட்டி, கும்பிடுகிறேன் சாமி என்று நிற்பாராம். முதலாளி தலையை அசைத்தால் உண்டு. இவர் காலத்தில் வணக்கம் என்றார். முதலாளியும் வணக்கம் என்று சொல்லித் தீரவேண்டியதாயிற்று. கும்பிடுக்குப் பதில் கும்பிடு கிடையாது, வணக்கத்துக்குப் பதில் வணக்கம் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளரும் காஞ்சியில் நிறைய உண்டு. அவர்களும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அது சாதி கேட்காத சொல்.

1955 முதல் 'திராவிட நாடு' ஏட்டில் தம்பிக்கு என்று கடிதம் எழுதினார் அண்ணா. நாட்டில் முகம் தெரியாத தொழிலாளியெல்லாம் அந்தத் தம்பி தான்தான் என்று எண்ணிக்கொண்டான். தலைவனை உறவுமுறை சொல்லி அழைக்கும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. 1967-இல் முதலமைச்சரானார். அந்த ஆண்டு ஜூலை 18-இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிற்று. சீர்திருத்தத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. ஸ்ரீ போய்த் திரு வந்தது. 1969 ஜனவரி 14-இல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபது நாளில், பிப்ரவரி 3-இல், அண்ணா மறைந்தார். இரண்டு ஆண்டு கழித்து அச்சான தாள்தான் தோழரின் பெட்டியில் இருந்த இரண்டாவது தாள்.

கிளம்பும்போது மூன்றாவதாக ஒன்றையும் காட்டினார். அது பெட்டியில் இல்லை, கைப்பேசியில் இருந்தது. பேரனுடைய திருமண அழைப்பு. பையன் தறிக்கு வரவில்லை, ஒரு தொழிற்சாலையில் வேலை. படம் அழகாக இருந்தது. பேரன் பெயர், பெண்ணின் பெயர், மண்டபம், நேரம் எல்லாம் ஆங்கிலத்தில். படித்துச் சொல்லுங்கள் என்று கைப்பேசியை நம்மிடம் நீட்டினார் தோழர். படித்துச் சொன்னோம்.